விதைக்குள் ஒரு வரலாறு – 12: நெல்லின் குறி, சாமையின் வயல்

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டு. மளிகைக் கடைகளுக்கு அரிசி. ஊரைச் சுற்றி நெல் வயல்களும் அரிசி ஆலைகளும்தான். போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் பயிரே மாறிவிடும். அங்கே சாமை. ஒரே மாவட்டத்தின் இந்த இரண்டு தானியங்களில், ஆராய்ச்சிப் பணம் ஒன்றுக்குக் கொட்டியது, மற்றதற்குச் சொட்டியது.

நெல்லின் முழு மரபணுத் தொகுதியைப் பல நாடுகள் கூடிப் படித்து 2005-ல் வெளியிட்டன. 11-வது குரோமோசோமைப் படித்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. அந்த உழைப்பில் ஒரு பகுதியைச் சாமைக்கும் கேழ்வரகுக்கும் திருப்பிவிட முடியும். அதற்கான வழிதான் மரபணுக் குறிகள்.

டி.என்.ஏ.வில் ஆங்காங்கே 'ஜி.ஏ., ஜி.ஏ.' என ஒரே சேர்க்கை அடுத்தடுத்து வரும். எத்தனை முறை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அதன் இருபுறமும் உள்ள வரிசையோ பெரும்பாலும் மாறாது. அந்த வரிசையில் ஒட்டிக்கொள்ளும் 'பிரைமர்' என்ற சிறு துண்டுகளைச் செய்து, நடுப்பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கி நீளத்தை அளந்தால் ரகத்தின் அடையாளம் கிடைத்துவிடும். நெல், சாமை, தினை, கேழ்வரகு எல்லாமே புல் குடும்பம். அதனால் ஒன்றுக்குச் செய்த பிரைமர் இன்னொன்றிலும் ஒட்ட வாய்ப்புண்டு. ஒரு சேலைக்கு அடித்த ஜக்கார்டு அட்டையை, கொக்கிகள் ஒத்துப்போகும் வேறு தறியில் மாட்டுவது போலத்தான்.

எவ்வளவு ஒத்துப்போகிறது? 2007-ல் கேழ்வரகையும் நெல்லையும் ஒப்பிட்டவர்கள் கண்டது வியப்பானது. கேழ்வரகின் ஒன்பது குரோமோசோம் தொகுதிகளில் ஆறு, நெல்லின் ஒவ்வொரு குரோமோசோமுக்கு நேராக நின்றன. மீதி மூன்றில், நெல்லின் ஒரு குரோமோசோம் இன்னொன்றின் நடுவே செருகியது போன்ற அமைப்பு. இரண்டு பயிரையும் குலை நோய் தாக்குகிறது. அல்மோராவில் உள்ள விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தினர், நெல்லில் தெரிந்திருந்த எதிர்ப்பு மரபணுக்களைத் துணைகொண்டு கேழ்வரகில் அதே எதிர்ப்பைத் தேடினார்கள்.

சாமைக்கு நெல்லைவிட நெருங்கிய உறவு தினை. தினையின் மரபணுத் தொகுதி 2012-ல் வெளிவந்தது. மறு ஆண்டே டெல்லியின் தேசிய தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தில் மனோஜ் பிரசாத் குழுவினர், அதிலிருந்து ஆயிரக்கணக்கான குறிகளை உருவாக்கினார்கள். அவற்றில் சிலவற்றை மற்றப் புல்லினப் பயிர்களில் சோதித்தபோது சராசரியாகப் பத்தில் ஒன்பது வேலை செய்தன.

ஆனால் பிரைமர் ஒட்டிவிட்டாலே வேலை முடிந்துவிடாது. ஒட்டிய இடத்தில் அந்தத் திரும்பவரும் சேர்க்கையே இல்லாமல் போகலாம். புரதம் செய்யும் பகுதியிலிருந்து எடுத்த குறி உறவுப் பயிரில் எளிதில் ஒட்டும். ஆனால் ரகங்களுக்குள் அதிக வேறுபாட்டைக் காட்டாது. சாமையில் குரோமோசோம் தொகுதி இரட்டிப்பாக இருப்பதால் ஒரே பிரைமர் இரண்டு இடங்களைக் காட்டிக் குழப்பவும் செய்யும். ரகங்களைப் பிரித்தறிய இரவல் குறி போதும். விளைச்சலுக்கான மரபணுவைத் துல்லியமாகப் பிடிக்கச் சாமைக்கென்று சொந்த ஆராய்ச்சி வேண்டும் என்பதே என் கருத்து.

திருவண்ணாமலையை ஒட்டிய அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. மலைக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் சாமை ரகங்கள் அதற்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்ய 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. மையத்தின் விஞ்ஞானிகளே, அந்த ரகங்களின் மரபணு அடையாளத்தையும் எடுத்து, விதை காத்தவர்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுங்கள்.