தேம்பாவணியில் திருவுளப் பணிவு

இறைவன் திருவுளத்தை நம்பி, அதற்குத் தாழ்ந்து ஒழுகுதல் கிறித்தவ வாழ்வின் அடிப்படை என்பர். இக்கருத்துத் தமிழில் காப்பிய வடிவு பெற்றது, வீரமாமுனிவர் 1726-இல் நிறைவு செய்த தேம்பாவணியிலேயாம். 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடல்களும் உடைய இந்நூலின் தலைவன் சூசை என்னும் வளன். மத்தேயு நற்செய்தியில் இவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. 4 முறை கனவில் ஏவல் பெறுகின்றான், விழித்தெழுந்து அதன்படி செய்கின்றான், அவ்வளவே. போரும் வெற்றியும் தன் செயலாக இல்லாத இத்தகையானைத் தலைவனாக்கிய நூல் பெருங்காப்பியம் ஆகுமோ என ஐயுறுவார் உளர். அவ்வையத்தை ஈண்டு ஆராய்வாம்.

வளன் இளமையிலேயே துறவை விழைந்து காட்டை நாடுகின்றான். ஊரில் இருந்து பிறர்க்கு உதவி வாழ்தலே இறைவன் விரும்புவது என அவனுக்கு உணர்த்தப்படுகின்றது, அவனும் மீள்கின்றான். தீய விருப்பத்தை விடுதல் எல்லா அறநூலும் கூறுவதே. நல்ல விருப்பத்தையும், அஃதாவது இறைவனுக்காகவே கொண்ட விருப்பத்தையும், இறைவன் வேண்டாவிடின் விடுதலே பணிவின் அரிய படி. முனிவர் இதனை நூலின் தொடக்கத்திலேயே வைத்தமை கருதத்தக்கது. பின்னர்த் திருமணத்திலும் இதுவே நிகழ்கின்றது. கன்னிமை காக்க நோன்பு பூண்டவன் இல்லறத்திற்கு அழைக்கப்படுகின்றான். நோன்பும் கெடாமல், ஏவலும் தவறாமல், இரண்டறமும் ஒருங்கே பொருந்தி வாழ்கின்றான்.

ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் இந்நூலின் உயிர்நிலை என்பது எம் கருத்து. மரியாளின் கருவைக் கண்ட வளன், அவள் தூய்மையையும் மறுக்க மாட்டான். கண்டதையும் மறுக்க மாட்டான். பழி கூறாது பிரிந்து போகவே துணிகின்றான். பணிந்தவனுக்கு ஐயமே தோன்றாது என்று எழுதியிருப்பின் அவன் பாவையாய் முடிந்திருப்பான். தேறுதல் வருமுன் அவன் படும் துயரை முனிவர் மறைக்கவில்லை.

இப்பணிவை ஊழுக்கு அடங்குதல் எனக் கொள்ளல் பொருந்தாது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த முனிவர், 38-ஆம் அதிகாரமாகிய ஊழினை நன்கறிந்தவர். ஊழ், உடன்படினும் படாவிடினும் வந்து நிற்பது. அது விடை வேண்டுவதில்லை. திருவுளமோ அழைப்பாய் வருவது, மறுக்கவும் இடமுண்டு. ஆதலின் உடன்படுதலே ஒரு செயலாகின்றது. வளனின் வீரம் அங்கேதான் உள்ளது.

கம்பர் காட்டும் இராமன் தந்தை சொல்லென்று கேட்டுக் காடேகினான். அவன் இழந்தது அரசு. வளன் எகித்துக்கு ஓடும்போது துறந்தது அரசன்று. காரணம் அறியும் உரிமையை. அனைத்தும் ஆக்கிய இறைவனின் மகன் ஒரு சிற்றரசனுக்கு அஞ்சி இரவில் ஓடுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை பெற்ற பின் நடப்பேன் என அவன் நிற்கவில்லை.

நாட்டுப் படலத்தில் யூதேயா தமிழ்நாடாகவே தோன்றுதலைப் பலர் எடுத்துரைத்துள்ளனர். வையை தோன்றும் வருசநாட்டு மலையடியில் மயிலாடும்பாறையில் இருந்து அப்படலத்தைப் பயில்வார்க்கு, மலையில் மழை பொழிந்து ஆறாய் இறங்கி வயல் நிறைக்கும் காட்சி அயல்நாட்டினதாய்த் தோன்றாது. எனினும் நிலவருணனையினும் பணிவு என்னும் பண்பையே முனிவர் ஆழமாகத் தமிழாக்கினார் என்போம். இயேசு சபையினராகிய அவர் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குகளை ஏற்றவர். இத்தாலியில் பிறந்து, அனுப்பப்பட்டுத் தமிழகம் வந்தவர். வளனைப் பாடுங்கால் தம் வாழ்வின் நெறியையே பாடினார் எனலாம்.

1894-இல் வெளிவந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இதற்கு நேர்மாறான வழியில் செல்வது. பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய அதில், அழைப்பைக் கேட்டவன் வீட்டைவிட்டு வெளியேறுகின்றான். வளனோ அழைப்பைக் கேட்டு வீட்டிற்குத் திரும்பித் தச்சுத்தொழில் செய்கின்றான்.