கரியும் நீரும் மின்சாரமும்

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையில் 100 வாட் விளக்கு ஒன்று 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அதை அனல்மின் நிலையம் தருவதாயின் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும்.

சேலம் மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1987 முதல் 1990 வரை தலா 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் இங்கு இயங்கத் தொடங்கின. 2013-இல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது.

மாவாக அரைத்த கரி, சூடான காற்றுடன் கொதிகலனுக்குள் ஊதப்படுகிறது. அந்த வெப்பத்தில் நீர், சுமார் 540 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீராவியாகிறது. நீராவி தள்ள, சுழலி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. அதனுடன் இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது.

வேலை முடித்த நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்க வேண்டும். இங்கேதான் பெரிய இழப்பு! கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்நீர் கொண்டுபோய்விடுகிறது. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற எந்தச் சுழலியாலும் இயலாது. இது இயற்கை விதி.

ஆகவே கரியைப் போலவே நீரும் இன்றியமையாதது. மேட்டூரில் கரிச்சுரங்கம் இல்லை. ஒடிசாவின் தால்சர் சுரங்கக் கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, ரயிலில் மேட்டூர் வருகிறது. நீரோ, 1934-இல் கட்டி முடிந்த அணையில் அருகிலேயே கிடைக்கிறது.

நம் நாட்டுக் கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். புகையிலிருந்து பிரித்தெடுக்கும் சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் உதவும். ஆனால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. வீணாக எரியும் விளக்கை அணைக்கும்போது நாம் மிச்சப்படுத்துவது மின்கட்டணம் மட்டுமன்று.