இரண்டு வழி உண்டு என்று சொல்ல ஆள் வேண்டும்

பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆஸ்பத்திரியில் நீட்டிய காகிதத்தில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். பெரியம்மா கைநாட்டு வைத்தார். அதற்குப் பிறகு இருபது வருஷம் நன்றாக இருந்தார். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எடுக்கணும்னாங்க, எடுத்துட்டாங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

உயிர் பிழைத்தாரே, அது போதாதா என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் அறுவையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அவரிடம் யாரும் எதையும் கேட்கவேயில்லை என்பது எனக்கு உறைத்தது. அமெரிக்காவில் அதே நிலைமையில் இருந்த பெண்கள் எப்படிக் கேட்கத் தொடங்கினார்கள், கேட்க முடியாதவர்களுக்காக யார் என்ன செய்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் இருக்கிறது.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் 1894இல் தன் முறையை எழுதி வெளியிட்டார். மார்பகம், அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒரே அறுவையில் எடுத்துவிடுவது. களையை வேரோடு பிடுங்கினால் திரும்ப முளைக்காது என்ற கணக்குதான். பிழைத்த பெண்களுக்கு நெஞ்சு குழி விழுந்து விலா எலும்பு தெரியும். கை வீங்கும். தலை சீவக் கையைத் தூக்குவதே பாடாகிவிடும். ஏறக்குறைய எண்பது வருஷம் இதுவே வழக்கமாக இருந்தது.

அந்தக் காலத்தில் நடந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கட்டி இருக்கும் பெண் மயக்க மருந்து ஏறும் முன்பே எல்லாவற்றுக்கும் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அங்கேயே உறைய வைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று இல்லையென்றால் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். புற்று என்றால் அவர் கண் விழிக்கக் காத்திருக்காமல் மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். மயக்கம் தெளிந்து, கட்டுப் போட்ட நெஞ்சைக் கையால் தடவிப் பார்க்கும்போதுதான் தனக்கு வந்தது புற்றுநோய் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

இதை எதிர்த்து உரக்கப் பேசியவர்களில் ஒருவர் ரோஸ் குஷ்னர், மேரிலாந்தைச் சேர்ந்த பத்திரிகையாளர். 1974இல் அவருக்குக் கட்டி தெரிந்தது. முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவு தெரிந்தபின் நான் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்கு ஒப்புக்கொள்ளும் மருத்துவரைக் கண்டுபிடிக்கவே அவர் அலைய வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு அறுவை என்று செய்தி வந்தது. குஷ்னர் வெள்ளை மாளிகைக்கே தொலைபேசியில் பேசி, சோதனையையும் அறுவையையும் ஒரே மயக்கத்தில் செய்யவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்று தனக்குப் பதில் வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். நாட்டின் முதல் பெண்மணியின் உடலைப் பற்றிய கேள்விக்கே பதில் கணவரின் பெயரில் வந்தது என்றால், கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

குஷ்னர் அடுத்த ஆண்டே இதை ஒரு புத்தகமாக எழுதினார். 1979இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவில், மருத்துவரல்லாத ஒருவராக அவரும் உட்கார்ந்தார். சோதனை ஒரு நாள், அறுவை வேறொரு நாள் என்று பிரிக்க வேண்டும் என அந்தக் குழு சொன்னது. இடையில் கிடைத்த அந்தச் சில நாட்களில்தான் நோயாளிக்கு யோசிக்கவும் கேட்கவும் இடம் உண்டாயிற்று.

யோசிக்க இடம் இருந்தால் மட்டும் போதாது, தேர்ந்தெடுக்க இன்னொரு வழியும் வேண்டுமே. அதைக் கொண்டுவந்தவர்கள் இருவர்: பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் மிலன் நகரின் உம்பெர்த்தோ வெரோனேசி. கட்டியையும் அதைச் சுற்றிய சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, மிச்ச மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் என்ன ஆகும் என்று இருவரும் பெரிய ஆய்வுகள் நடத்தினார்கள். வெரோனேசியின் ஆய்வில் 701 பெண்கள். ஃபிஷரின் ஆய்வில் 1,800க்கும் மேல். 1980களிலேயே விடை தெரியத் தொடங்கிவிட்டது. இருபது வருஷம் தொடர்ந்து பார்த்த முடிவுகளை இருவரும் 2002இல் வெளியிட்டார்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் முழு மார்பகத்தை எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில், கதிர்வீச்சு சேர்த்தால் அதே மார்பில் நோய் திரும்பியது நூற்றில் 14 பேருக்கு. சேர்க்காவிட்டால் 39 பேருக்கு. இந்தக் கடைசிக் கணக்கை மறக்க வேண்டாம், ஏழைப் பெண்ணின் கதை இதில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது.

சட்டமும் வந்தது. 1979இல் மாசசூசெட்ஸ் மாநிலம், மறு ஆண்டு கலிபோர்னியா, பின் வேறு பல மாநிலங்கள்: மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு இருக்கும் சிகிச்சை வழிகளை எல்லாம் மருத்துவர் சொல்லியாக வேண்டும். எழுத்தில் பார்த்தால் நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 1990களில் ஆய்வாளர்கள் இந்தச் சட்டங்களின் பலனை அளந்து பார்த்தபோது, வந்த மாற்றம் சிறியது, அதுவும் சில மாதங்களில் கரைந்துவிட்டது என்று தெரிந்தது. அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். அதை வாங்கியவருக்கு அது புரிந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை.

இதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொரு செய்தி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1987 அக்டோபரில் அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகன், முழு மார்பகத்தையும் எடுத்துவிடுங்கள் என்று தானே தேர்ந்தெடுத்தார். அது அவருடைய உரிமை. ஆனால் அடுத்த ஆறு மாதம் நாடு முழுதும் மார்பகத்தைக் காக்கும் அறுவை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வருமானமும் படிப்பும் குறைந்த பெண்களிடம் அந்தத் தாக்கம் கூடுதலாக இருந்தது. மருத்துவர் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அந்தப் பெண்கள் என்ன முடிவெடுத்திருப்பார்களோ. டி.வி. செய்திதான் அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனையாக இருந்திருக்கிறது.

இப்படி விளக்க ஆள் இல்லாத பெண்களுக்குக் கூட ஓர் ஆளைத் தந்த இடம் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனை, கறுப்பின ஏழை மக்கள் வரும் அரசு மருத்துவமனை. ஹாரல்ட் ஃப்ரீமன் அங்கே அறுவை மருத்துவராக இருந்தார். 1964 முதல் 1986 வரை அங்கே சிகிச்சை பெற்ற 606 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களின் கணக்கை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்குக் காப்பீடு கிடையாது, ஏறக்குறைய பாதிப் பேர் முற்றிய நிலையில்தான் வந்தார்கள். ஐந்து வருஷம் தாண்டி உயிரோடிருந்தவர்கள் நூற்றில் 39 பேர். கட்டி தெரிந்தும் வராதது அவர்களுடைய அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஃப்ரீமன் அப்படிச் செய்யவில்லை. எந்தக் கவுன்டரில் நிற்பது, எந்தப் படிவம் நிரப்புவது, குழந்தையை யாரிடம் விடுவது என்ற ஒவ்வொரு முட்டுக்கட்டையிலும் அவர்கள் திரும்பிப் போவதைக் கவனித்தார். 1990இல் ஒரு ஏற்பாடு செய்தார். சந்தேகமான கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும் வரை நோயாளியோடு கூட நடக்க ஒருவர். அந்தத் துணையாளர் படிவம் நிரப்புவார், தேதி நினைவூட்டுவார், மருத்துவர் சொன்னது விளங்காவிட்டால் மறுபடி போய்க் கேட்டு வருவார். இதனோடு குறைந்த செலவில் பரிசோதனையும் சேர்ந்தது. 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஐந்து வருஷம் கடந்தவர்கள் நூற்றில் 70 பேர்.

முப்பத்தொன்பது எழுபதாகியிருக்கிறது. புது மருந்து, புது எந்திரம் என்று நாம் காத்திருக்கும் நேரத்தில், கூட வர ஒரு மனுஷி இருந்ததும் இந்த மாற்றத்தில் பங்கு பெற்றிருக்கிறது.

கூட ஆள் வந்தாலும், மருத்துவர் அறைக்குள் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பது மிச்சம் இருக்கிறது. நான் சொல்வது ஆங்கிலமா ஸ்பானிஷா என்பதை மட்டும் இல்லை. 2003இல் அமெரிக்க அரசு எடுத்த கணக்குப்படி, வயது வந்தவர்களில் நூற்றில் 36 பேருக்கு மருத்துவத் தாள்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் அடிப்படை அளவிலோ அதற்கும் கீழோ இருந்தது. "மறுபடி வரும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு" என்ற ஒரு வரி அவர்களுக்குச் சுவர்போல நிற்கும். புற்று என்ற சொல் காதில் விழுந்த நிமிஷத்தில் படித்தவர்களுக்கே ஒன்றும் ஏறாது.

கனடாவின் ஹாமில்டன் நகரில் டிமத்தி வீலன் என்ற கதிர்வீச்சு மருத்துவர் ஒரு பலகையைச் செய்தார். இந்த அறுவை, அந்த அறுவை, இதில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று ஒவ்வொரு கட்டமாகத் திறந்து காட்டிக்கொண்டே மருத்துவர் பேசலாம். 2004இல் வெளியான அவருடைய ஆய்வில் 20 அறுவை மருத்துவர்களும் 201 பெண்களும் பங்கேற்றார்கள். பலகையைப் பார்த்தவர்கள் சிகிச்சையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மார்பகத்தைக் காக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களில் அதிகம்.

அடுத்து வந்தது ஒரே ஒரு தாள். கிளின் எல்வின் என்ற மருத்துவ ஆய்வாளர் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் தொடங்கிய முயற்சி அது. இடப்பக்கம் நோயாளிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்: என்னென்ன எடுப்பீர்கள், எது செய்தால் அதிக நாள் உயிரோடிருப்பேன், கதிர்வீச்சு வேண்டுமா, நோய் திரும்புமா. எதிரே இரண்டு அறுவைக்குமான விடைகள் பக்கத்தில் பக்கத்தில். இதையே படங்களோடு, இன்னும் எளிய சொற்களில், வாசிக்கத் தடுமாறும் பெண்களை மனத்தில் வைத்து மறுபடி செய்தார்கள் அவரும் மாரி-ஆன் துராண்ட் என்ற ஆய்வாளரும். நியூயார்க் உட்பட அமெரிக்காவின் நான்கு புற்றுநோய் மையங்களில், ஆங்கிலமோ ஸ்பானிஷோ சீன மொழியோ பேசும் 571 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவு: தாளை வைத்துப் பேசிய பெண்களுக்கு விஷயம் அதிகம் விளங்கியிருந்தது. படத் தாள் கிடைத்தவர்களுக்கு, இப்படி முடிவெடுத்துவிட்டோமே என்ற வருத்தமும் குறைவு. வசதி குறைந்த பெண்களுக்குப் படத் தாளால்தான் பலன் கூடுதல்.

இந்தத் தாளைப் பார்த்தபின் ஒரு பெண், முழுதாக எடுத்துவிடுங்கள் என்றே சொல்லலாம். கதிர்வீச்சு வேண்டாம், திரும்பத் திரும்ப வந்து பார்க்கும் பயம் வேண்டாம் என்று நினைக்கலாம். அதில் பிழை ஒன்றுமில்லை. பெரியம்மாவும் அதையே சொல்லியிருக்கக்கூடும். சொல்ல ஒரு வாய்ப்பு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆற்றாமை.

இப்போது கதிர்வீச்சைப் பற்றிய அந்த 14, 39 கணக்குக்கு வருகிறேன். மார்பகத்தைக் காத்தால் அநேகமாகக் கதிர்வீச்சும் வேண்டும். நீண்ட காலம் வழக்கத்தில் இருந்த முறையில் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், 25 தடவை. எந்திரம் இருக்கும் ஊரில் வீடும் காரும் இருப்பவருக்கு இது அலைச்சல். நாள் கூலிக்காரருக்கு இது ஐந்து வாரச் சம்பளம். தூரத்து ஊர்ப் பெண்கள் முழு மார்பகத்தையும் எடுக்கச் சொல்வது அமெரிக்கக் கிராமங்களிலும் உண்டு. பலகை செய்த அதே வீலன், 16 தடவையிலேயே, மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில், கதிர்வீச்சை முடித்தாலும் பலன் குறையவில்லை என்று 2010இல் பத்து வருஷக் கணக்கோடு காட்டினார். 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வு அதை ஒரே வாரம், ஐந்து தடவை வரை கொண்டுவந்தது. நோயாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்பவர்களில், அவருடைய நாட்களையும் குறைத்துக் கொடுத்த வீலன்மீது எனக்குத் தனி மரியாதை.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்காவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவருக்கும் மார்பில் கட்டி, ஆரம்ப நிலை. வராந்தாவில் நிற்க இடமில்லாத கூட்டம். உள்ளே இருந்த இளம் மருத்துவர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேனாவால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் சின்னதாக ஒரு புள்ளி, மற்றொன்றை முழுதாக அடித்தார். "இப்படியும் செய்யலாம், இப்படியும் செய்யலாம். ரெண்டிலயும் உசுருக்கு ஒரே மாதிரிதான். இதுல மட்டும் கரண்ட் வைக்கணும்" என்றார், கதிர்வீச்சைச் சொல்லி. பிறகு, "வீட்ல கேட்டா என்னம்மா சொல்வீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்றார். அக்கா தட்டுத் தடுமாறிச் சொன்னார். விட்டுப்போனதை மருத்துவர் மறுபடி சொல்லிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும்.

பஸ்ஸில் வரும்போது அக்கா அந்தச் சீட்டைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து, கூட வந்த தங்கச்சிக்கு விரலால் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். தங்கச்சி, "நீ எதுக்கா போகப்போற?" என்று கேட்டார்.

அக்கா புள்ளி வைத்த வட்டத்தைத் தொட்டார். "இதுக்குத்தான் மனசு. மூணு வாரம் டவுன்ல தங்க எடம் கிடைக்குமான்னு கேக்கணும். மாட்டை யாரு பாத்துக்குவா?"

சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "மாட்டை நான் பாத்துக்கறேன்" என்றார் தங்கச்சி. தங்குவதற்கு இடம் விசாரிக்க, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் திரும்பப் போனேன்.