‘பன்னெண்டு’ எந்த பாஷை?

“கூடையில 20 மாங்காய். அதுல 8 எடுத்தாச்சு. மீதம் எத்தனை?”

மூன்றாம் வகுப்புப் பாப்பா நிதானமா யோசிச்சு, எங்க டேப்லெட்டில் 28 என்று தட்டினாள். ஸ்க்ரீன் சிவப்பாச்சு. ‘கணக்கில் வீக்’ என்று தீர்ப்பு சொல்லிவிட்டது எங்க ஆப். ஹெச்.எம்-மிடம் கொடுக்கப்போகிற லிஸ்ட்டில் அவள் பெயரையும் சேர்த்தாச்சு!

இடம், ஓசூர் பக்கம் ஒரு தமிழ் வழி அரசுப் பள்ளி. நாங்க நாலு பேரும் மூணாவது வருஷ கம்ப்யூட்டர் சயின்ஸ். வீட்டில் ஒரு மொழி, ஸ்கூலில் ஒரு மொழி என்று வளரும் குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள்? இதுதான் எங்க மினி புராஜெக்ட். அதுக்கு ஓசூர்தான் சரியான ஸ்பாட். கர்நாடகாவும் ஆந்திராவும் கூப்பிடு தூரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் தெருவில் சகஜமா ஓடும். ஒண்ணாம் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயம் என்று 2006-ல் சட்டமும் வந்தாச்சு.

“அவளா? கிரவுண்டுல தமிழ்ல பொளந்து கட்டுவாளே! மொழி பிரச்னை இல்லை சார், கணக்குதான் வரலை” என்றார் டீச்சர். நாங்களும் நம்பிட்டோம்.

மதியம் சத்துணவு அக்காதான் முடிச்சை அவிழ்த்தார். “தம்பி, அது வீட்டுல தெலுங்கு. இருங்க, நான் கேக்கறேன்” என்றவர், அதே மாங்காய்க் கணக்கைத் தெலுங்கில் சொல்லி, “என்னி மிகிலாயி?” என்றார்.

“பன்னெண்டு!” பளிச்சென்று பதில் வந்தது.

தெலுங்கிலும் 12-க்கு ‘பன்னெண்டு’தான். அவள் எந்த பாஷையில் பதில் சொன்னாள் என்றே எங்களுக்குத் தெரியலை! அப்புறம்தான் பொறி தட்டியது. தெலுங்கில் ‘மீத’ என்றால் ‘மேலே’. ‘மீதம் எத்தனை’ என்றதும், இருபதுக்கு மேலே எட்டைப் போட்டுக் கூட்டியிருக்கிறாள் போல. பக் அவள் மண்டையில் இல்லை பாஸ், எங்க கேள்வியில்!

ரூமுக்கு வந்து தேடினால், ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா ஆராய்ச்சியாளர் அப்பவே இதைச் சொல்லியிருக்கிறார். புது மொழியில் அரட்டை அடிக்க சுமார் 2 வருஷம் போதும். ஆனால், பாடப்புத்தக மொழி வசப்பட 5 முதல் 7 வருஷம் ஆகலாம். கிரவுண்டு தமிழை வைத்து வகுப்பறைத் தமிழை எடை போட்டது எங்க தப்பு.

லிஸ்ட்டைக் கிழித்துப் போட்டோம். கேள்விகளை ரெண்டு மொழியிலும் எழுதி மறுபடி கேட்டோம். சிவப்பில் இருந்த சிலர் பச்சைக்கு வந்தார்கள். சிலர் அப்படியே இருந்தார்கள். கணக்கு சொல்லித்தர வேண்டியது அவர்களுக்குத்தான்.

கிளம்பும்போது பாப்பா ஓடி வந்தாள். “அண்ணா, உங்களுக்குத் தெலுங்கு வராதா?”

“வராதும்மா.”

“அப்ப நீங்களும் சிவப்பா?”