சிற்றோவியமும் பெருந்துயரும்

ஓவியம் கண்ணுக்கு இன்பம் பயப்பது. துன்பத்தை உரைத்தற்கு அது தக்க கருவியாகுமோ எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையத்தை நீக்கவல்ல ஓவியர் ஒருவர் நங்காலத்தில் நம் நாட்டிலே தோன்றியுள்ளார். அவரே நீலிமா ஷேக் அம்மையார். 1945-ஆம் ஆண்டில் புது டில்லியிற் பிறந்த இவர், டில்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, பின்னர்ப் பரோடாவில் ஓவியக் கலை கற்றார். ஆங்கு இவர்க்கு ஆசிரியராயிருந்தாருள் கே. ஜி. சுப்பிரமணியன் ஒருவர்.

முகலாயர் அவையிலும், இராசபுத்திர மன்னர் அவையிலும், இமயமலைச் சாரலின் சிற்றரசுகளிலும் வளர்ந்தவை சிற்றோவியங்கள். அவற்றுட் பல, நூலைப் படிப்பதுபோற் கையிலேந்திப் பார்த்தற்கென எழுதப்பட்டன. தாள்கள் சிலவற்றைப் பசையிட்டு ஒன்றன்மேலொன்றாய் ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இதற்கு வஸ்லி என்று பெயர். அதன்மீது பிசின் கலந்த வண்ணத்தை நுண்ணிய தூரிகையால் மெல்ல மெல்லப் படியவைப்பர். வீட்டின் உள்ளும் புறமும், முன் நிகழ்ந்ததும் பின் நிகழ்ந்ததும் ஒரே படத்தில் அமைதலுமுண்டு. ஆதலின் கதை கூறுதற்கு இம்முறை மிகவும் ஏற்றது.

இப்பழைய முறையை அம்மையார் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நாம் நோக்கற்பாலது. 1984-ஆம் ஆண்டில், 'சம்பா வளர்ந்தபோது' எனப் பொருள்படும் பெயரால் பன்னிரண்டு சிறு படங்களை எழுதினார். சம்பா சைக்கிளேறி மகிழ்ந்து திரிந்த சிறுமி. அவள் மணமாகிப் புக்ககம் புகுகின்றாள். ஆங்கு வரதட்சிணைக் கொடுமைக்கு ஆளாகித் தீயில் மாய்கின்றாள். வரதட்சிணையை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே விலக்கியிருந்தது. எனினும், வரதட்சிணைச் சாவு தனிக் குற்றமாகத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது 1986-ஆம் ஆண்டிலேதான். அஃதாவது, இப்படங்கள் தோன்றி ஈராண்டு கழிந்த பின்னரே.

இத்துணைக் கொடிய செய்தியை மென்மையான வண்ணத்திற் காட்டினால் கொடுமை மறைந்துவிடாதோ எனின், மறையாது என்போம். படம் சிறிதாதலின் அருகே சென்று குனிந்து நோக்கவேண்டும். அழகைக் கண்டு மயங்கிப் படம் படமாய்ச் செல்லும் கண், தன்னையறியாமலே தீயின்முன் வந்து நிற்கும். தொலைவில் நின்று இரங்கிவிட்டு அகல்வதற்கு அஃது இடங்கொடாது.

கவிதையும் இவர்க்குத் துணையாயிற்று. காஷ்மீரத்தின் துயரை 2003 முதலாகப் பெரிய படச்சுருள்களில் வரைந்தவர், 2001-ஆம் ஆண்டில் மறைந்த காஷ்மீரக் கவிஞர் ஆகா ஷாஹித் அலியின் கவிதையடி ஒன்றையே அவ்வரிசைக்குப் பெயராக இட்டார். சிற்றோவிய முறை ஈண்டு ஆளுயரத்தினும் பெரிதாய் விரிகின்றது. மதுராவில் காகிதத்தை நுணுக்கமாக வெட்டியமைக்கும் ஸாஞ்ஜி அச்சுக்களும் உடன்சேர்கின்றன. சுருள்களின் பின்புறத்தே பல காலத்துப் புலவர் மொழிகளும் எழுதப்பெற்றுள்ளன. 2014-ஆம் ஆண்டில் இவை சிகாகோ நகரத்துக் கலைக்கூடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பழங்கலைகளை முடிந்துபோன கதையென்று எண்ணுவார் நம்முட் பலருளர். மன்னர் மகிழ எழுந்த தூரிகை, எளிய பெண்ணொருத்தியின் துயரைச் சொல்லவும் வல்லது என்பதை இப்படங்கள் அறிவிக்கின்றன. மாணவ மாணவியரே! நம் இல்லங்களில் மணப்பேச்சு நிகழுங்கால் சம்பாவை நினைவு கூர்வோமாயின், அப்பன்னிரண்டு படங்களும் பயன் தந்தனவாம்.