ஐயங்கார் வெட்டிய குளம்

காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளம். குளம் என்று பெயர், பார்வைக்கு ஏரி. வெட்டியவர் லட்சுமிகுமார தாத்தாச்சாரியார், விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதிராயரின் (ஆட்சி 1586–1614) குரு. காஞ்சி வரதராஜர் கோயிலை நிர்வகித்தவர். இவர் குடும்பத்தார் இன்றும் அங்கே கைங்கரியம் செய்கிறார்கள். ஏழைப் பெண்கள் பலருக்குத் திருமணம் செய்துவைத்ததால் ‘கோடிகன்னிகாதானம்’ என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கோடி என்றது ஊராரின் தாராளம். கரையிலுள்ள சஞ்சீவிராயர் (அனுமன்) கோயிலும் இவர் எழுப்பியதே. அனுமன்மீது ‘அனுமத் விம்சதி’ இயற்றினார்.

அருகில் நடவாவிக் கிணறு. படியிறங்கினால் நிலத்தடியில் தூண் மண்டபம், அதன் நடுவே கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு முன் நீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சியிலிருந்து வரும் வரதர் மண்டபத்துக்குள் எழுந்தருள்வார். மற்ற நாளில் வந்தால் பெரும்பாலும் மேற்படிகள் மட்டுமே தெரியும்.