வயிற்றுச் சீரமைப்புச் சத்திரசிகிச்சை: எவருக்கு எம்முறை?

மகப்பேற்றின் பின்னரோ, உடற்பருமன் பெரிதும் குறைந்த பின்னரோ வயிற்றின் தோல் தளர்ந்து தொங்குதல் பலரும் கண்டதொன்று. அளவாக உண்டாலும், தேகப்பயிற்சி செய்தாலும், மிக இழுபட்ட தோல் முன்னைய நிலைக்கு மீள்வதில்லை. இக்குறையைச் சத்திரசிகிச்சையினாற் சீர்செய்யலாம் என்பது இன்று பலருக்குத் தெரியும். ஆயின், அச்சிகிச்சை ஒன்றன்று, பல வகைப்படும் என்பதும், ஒருவருக்கு நலந்தரும் முறை மற்றொருவருக்கு ஏமாற்றமாக முடியலாம் என்பதும் அத்துணை தெளிவாக அறியப்படவில்லை. தழும்பு சிறிதா, செலவு குறைவா என்ற இரண்டை மட்டும் கேட்டு முறையைத் தெரிவு செய்வோர் உளர். முதலில் எழ வேண்டிய வினா அதுவன்று. குறை எங்கேயிருக்கின்றது என்பதே முதல் வினா.

வயிற்றின் முன்புறச் சுவரை மூன்று படைகளாகக் கருதலாம். வெளியே தோல், அதன்கீழ்க் கொழுப்பு, அதற்கும் உள்ளே தசை. நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை இரு தசைப் பட்டிகள் அருகருகே இறங்குகின்றன. அவற்றை நடுவில் இணைப்பது உறுதியான ஒரு நார்ப்பட்டி. கருப்பை வளருங்கால் இந்நார்ப்பட்டி அகன்று, தசைகள் இரண்டும் விலகிவிடுகின்றன. பிள்ளை பிறந்தபின் பலருக்கு இவ்விலகல் தானே குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். அவர்கள் எத்துணை மெலிந்திருப்பினும் வயிறு முன்தள்ளியே காணப்படும்.

இம்மூன்றிற்கும் அப்பால், குடல்களைச் சூழ்ந்தும் கொழுப்புச் சேர்வதுண்டு. மல்லாந்து படுத்த வேளையிலும் வயிறு தாழாது உருண்டு நிற்குமாயின், அக்கொழுப்பு மிகுந்திருத்தல் கூடும். அதனை இச்சத்திரசிகிச்சைகளுள் எதுவும் அகற்றாது. உணவும் உழைப்பும் வைத்தியரின் மேற்பார்வையுமே அதற்கு மருந்து.

இனி, முறைகளைக் காண்போம்.

தோல் இறுக்கமாகவும் தசை உறுதியாகவும் இருந்து, கொழுப்பு மட்டும் ஓரிடத்தில் திரண்டிருப்பின், சிறு துவாரங்களின் வழியே குழாய் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சியெடுத்தல் போதுமானது. பிரான்சிய வைத்தியர் இலூஸ் என்பவர் 1970களின் பிற்பகுதியில் இம்முறையைப் பரவச் செய்தார். தளர்ந்த தோலுள்ளவருக்கு இதனை மட்டும் செய்தால், காற்றிறங்கிய பைபோலத் தோல் மேலும் தொய்ந்துவிடும்.

இரண்டாவது, சிறு சீரமைப்பு. கொப்பூழுக்குக் கீழே மட்டும் தோல் தளர்ந்தோருக்கு உரியது இது. அடிவயிற்றில் ஒரு குறுகிய கீறல் இடப்படும். கொப்பூழ் இருந்த இடத்திலேயே இருக்கும். தழும்பின் குறுமையைக் கண்டு பலரும் விரும்புவது இதனையே. ஆனால் கொப்பூழுக்கு மேலேயும் தோல் தொய்ந்து தசையும் விலகியிருப்பவர் இதனைத் தெரிவாராயின், கீழ்வயிறு தட்டையாக, மேல்வயிறு புடைத்தே நிற்கும். பின்னர் அதனைத் திருத்த இரண்டாவது சத்திரசிகிச்சை வேண்டியதாகும்.

மூன்றாவது, முழுச் சீரமைப்பு. ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை கீறி, தோலை விலா வரை உயர்த்தி, விலகிய தசைகளை நடுவிலே தைத்து இணைப்பர். மிகுந்த தோலை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் கீழே இழுத்து, கொப்பூழுக்குப் புதிய வாயில் அமைப்பர். பிரேசில் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் பிதாங்கி, 300 பேருக்குச் செய்த சிகிச்சையை ஆராய்ந்து 1967இல் எழுதிய கட்டுரை இத்துறையிற் பெயர் பெற்றது. பிள்ளைப்பேற்றினால் தோலும் தசையும் ஒருங்கே தளர்ந்தோருக்குப் பெரும்பாலும் பொருந்துவது இம்முறையே.

நான்காவது, விரிந்த சீரமைப்பு. பெருமளவு எடை குறைந்தோருக்கு முன்புறம் மட்டுமன்றி விலாப்புறமும் முதுகும் தளர்ந்திருக்கும். அவர்களுக்கு இடுப்பைச் சுற்றிலும் கீறல் வேண்டும். சிலருக்கு நெஞ்சுக்குக் கீழிருந்து நேர்க்கோடாக இன்னொரு கீறலும் வேண்டும். தழும்பு நீண்டதே; ஆயினும் குறையும் அத்துணைப் பெரிதன்றோ?

இவற்றினின்றும் வேறானது, தொங்கும் தோற்படையை மட்டும் வெட்டி நீக்கும் முறை. இதில் தசையைத் தைப்பதில்லை. தோல் மடிப்பிலே ஈரந்தங்கிப் புண்ணும் தொற்றும் ஓயாது வருத்துவோருக்கு இது அழகின் பொருட்டன்று, சுகத்தின் பொருட்டே செய்யப்படுகின்றது. அமெரிக்காவின் பால்ற்றிமோரில் வைத்தியர் கெலி 1899இல் அறிவித்த சிகிச்சை இவ்வகையினதே.

எம்முறையாயினும் இது விளையாட்டன்று. தோலின் கீழ் நீர் சேர்தல், புண் ஆறாமை, தொற்று, அடிவயிற்றில் உணர்ச்சி குன்றல் ஆகியன நேரலாம். யாவற்றினும் கொடியது, காலின் நாளங்களிற் குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரலைச் சென்றடைத்தல். அஃது உயிருக்கே ஊறாகலாம். ஆதலின் சிகிச்சைக்குப் பின் விரைவில் எழுந்து நடக்கப் பணிப்பர். புகைபிடிப்போருக்குத் தோலின் குருதியோட்டம் குன்றி, வெட்டிய விளிம்பு அழுகும் இடருண்டு. குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னரே புகையை விட்டொழித்து, புண் ஆறும் வரை அதனைத் தீண்டாதிருத்தல் வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. இன்னும் பிள்ளை பெற எண்ணும் பெண்கள் பொறுத்திருத்தல் நன்று. மீண்டும் கருவுற்றால் தைத்த தசை மறுபடியும் விலகக்கூடும். எடை குறைந்து வருவோர், அஃது ஏறத்தாழ ஆறு மாதம் ஒரே அளவில் நிலைத்த பின்னரே இதனை நாட வேண்டும். முழுச் சீரமைப்பின் பின் முதல் சில நாட்கள் சற்றுக் குனிந்தே நடக்க நேரும். ஏறத்தாழ ஆறு வாரம் பாரந்தூக்குதல் ஆகாது. கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய தாயொருத்தி, அவ்வேளை உதவிக்கு எவர் உளர் என்பதை முன்னரே எண்ணிக் கொள்ளல் வேண்டும்.

நேயர்களே, வைத்தியரிடம் செல்பவர் ஒரு முறையின் பெயரைச் சொல்லி அதனைச் செய்யுமாறு கேளாதிருப்பாராக. 'என் குறை தோலிலா, கொழுப்பிலா, தசையிலா? நீங்கள் கூறும் முறை அவற்றுள் எதனைத் திருத்தும், எதனைத் திருத்தாது? தழும்பு எங்கே விழும்? ஒன்றும் செய்யாது விடின் கேடு உண்டா?' என்று கேட்பாராக. இறுதி வினாவிற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை 'இல்லை' என்பதே. அவ்விடையைக் கேட்டபின், அவசரமின்றி ஆறியமர்ந்து எண்ணித் துணிதல் நலம்.